மகனுக்குச் சுன்னத்து: வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா?

தென்காசி மழை:

அஸ்ஸலாமு அலைக்கும். மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

என் மகனுக்கு அடுத்த மாதம் ஐந்து வயது முடிகிறது. முழுப் பரீட்சை லீவில் சுன்னத்தை முடித்துவிட வேண்டும் என்று மாமி சொல்லிக்கொண்டே இருக்கிறார். கொழுந்தனார் மகனுக்கு ஏழு வயது. இரண்டு பேருக்கும் ஒரே நாளில், வீட்டிலேயே, ஊரில் வழக்கமாகச் செய்கிற ஒஸ்தாவை வைத்துச் செய்துவிட்டு, மறுவாரம் சொந்தபந்தங்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடலாம் என்பது அவருடைய எண்ணம். வீட்டுக்காரர் சவூதியில், தம்மாமில் இருக்கிறார். "ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்துச் செய், பணம் அனுப்புகிறேன்" என்று போனில் சொல்கிறார். மாமிக்கு மயக்க மருந்து என்றாலே பயம். "என் நாலு பிள்ளைக்கும் வீட்டில்தான் செய்தோம், நாலும் நல்லாத்தான் இருக்கு" என்கிறார்.

நான் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறேன். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது, மூன்று அக்காக்களோடு வளர்ந்தவள். இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்க எனக்கு ஆள் இல்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன். எந்த வயது நல்லது? வலி எத்தனை நாள் இருக்கும்? டாக்டரிடம் போனால் என்னென்ன கேட்க வேண்டும்? பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லலாமா, கூடாதா?

இன்னொன்று. என் மகன் நின்றுகொண்டு ஒன்றுக்குப் போனால் முன்னால் போகாது, நேரே கீழே விழுந்து கால், டவுசர் எல்லாம் நனைந்துவிடும். ஸ்கூலில் இதனால் அழுதிருக்கிறான். சுன்னத்து செய்தால் அது சரியாகிவிடும் என்று மாமி சொல்கிறார். பிறந்தபோதே அவனுக்கு முன்தோல் பாதிதான் இருந்தது. "அல்லாஹ்வே பாதி சுன்னத்து செய்து அனுப்பியிருக்கிறான், பரக்கத்தான பிள்ளை" என்று அப்போது எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அது உண்மையிலேயே சரியாகிவிடுமா?

காயல் காற்று:

வ அலைக்கும் ஸலாம், சகோதரி. நான் காயல்பட்டினம். எனக்கு ஆறு வயதில் வீட்டில்தான் செய்தார்கள். காலையில் குளிப்பாட்டி, புதுக் கைலி, தொப்பி, மாலை எல்லாம் போட்டுவிட்டார்கள். உரலைக் கவிழ்த்து அதன்மேல் உட்காரவைத்தார்கள். பெரியாப்பா பின்னாலிருந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மரத்துப்போக ஊசி கிடையாது. பிறகு ஒரு வாரம், மேலே கயிறு கட்டி வெள்ளைத் துணியைக் கூடாரம் மாதிரித் தூக்கிக் கட்டி, அதற்குக் கீழே படுக்கவைத்தார்கள், துணி காயத்தில் படக் கூடாது என்று. வாப்பும்மா தினமும் நாட்டுக்கோழி முட்டை கொடுத்தார். அந்தப் பாசத்தை நான் மறக்கவில்லை. அந்த வலியையும் மறக்கவில்லை.

என் மகனுக்கு ஆஸ்பத்திரியில்தான் செய்தேன். காலையில் போய் மாலையில் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மார்க்கப்படி பார்த்தால் எங்கள் ஷாஃபி மத்ஹபில் (சட்டப் பள்ளியில்) கத்னா, அதாவது இந்தச் சுன்னத்து, வாஜிப் (கட்டாயக் கடமை); ஹனஃபியில் அழுத்தமாகச் சொல்லப்பட்ட நபிவழி. ஆனால் இந்த வயதில்தான், இந்த இடத்தில்தான், இன்னார் கையால்தான் என்று எங்கும் இல்லை. பருவம் அடைவதற்குள் முடிந்தால் போதும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் தள்ளிப்போடவும் இடம் இருக்கிறது. மாமியிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பழைய தியேட்டர் சிஸ்டர்:

தங்கச்சி, நான் மதுரையில் குழந்தைகள் அறுவை சிகிச்சைத் தியேட்டரில் 22 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் கேட்ட மற்ற கேள்விகளுக்கு அப்புறம் வருகிறேன். கடைசியாகப் போகிற போக்கில் ஒன்று சொன்னீர்களே, அதைப் படித்ததும் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்கள் மகனுக்கு இப்போதைக்கு யாரும் சுன்னத்து செய்ய வேண்டாம். வீட்டிலும் வேண்டாம், ஆஸ்பத்திரியிலும் வேண்டாம். முதலில் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் அவனைப் பார்க்கட்டும்.

முன்தோல் மேல்பக்கம் மட்டும் குல்லா போலத் தொங்குவது, அடிப்பக்கம் தோல் இல்லாமல் இருப்பது, சிறுநீர் கீழ்நோக்கி விழுவது, இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் ஹைப்போஸ்பேடியாஸ் என்று ஒன்று இருக்கலாம். சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் கொஞ்சம் கீழே, அடிப்பக்கத்தில் இருக்கும். சில பிள்ளைகளுக்கு உறுப்பு கீழ்நோக்கி வளைந்தும் இருக்கும். இது அபூர்வமான ஒன்றில்லை. ஏறக்குறைய முந்நூறு ஆண் பிள்ளைகளில் ஒருவருக்கு உண்டு. யாருடைய தப்பும் இல்லை, நீங்கள் மாசமாக இருந்தபோது சாப்பிட்டது, சாப்பிடாதது எதனாலும் வந்ததில்லை. நான் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பார்க்காமல் கத்தி வைக்கக் கூடாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

ஏன் தெரியுமா? அந்தத் துவாரத்தை நுனிக்குக் கொண்டுவர ஆபரேஷன் செய்யும்போது சர்ஜனுக்குத் தோல் தேவைப்படும். மேலே தொங்கும் அந்தக் குல்லாத் தோல்தான் அதற்குக் கச்சாப் பொருள். அதை வெட்டி எறிந்துவிட்டால் பிறகு எங்கே போவது? கன்னத்தின் உள்பக்கத்துச் சவ்வை எடுத்துத் தைக்க வேண்டிவரும். ஒரு ஆபரேஷன் இரண்டாகும், மூன்றாகும். அப்படி வெட்டிய பிறகு வந்த பிள்ளைகளை எங்கள் தியேட்டரில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா சொல்வது ஒன்றுதான்: "பிறந்தபோதே பாதி சுன்னத்து ஆகியிருந்தது சிஸ்டர்." உங்கள் மாமி சொன்ன அதே வார்த்தை. அவர் பாசத்தில் சொல்கிறார், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

டாக்டரிடம் போகும்போது, அவன் ஒன்றுக்குப் போவதை போனில் ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே போய் வரவில்லை என்று நிற்பான், எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். இரண்டு விதையும் பைக்குள் இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பிரச்சனையும் சேர்ந்து இருந்தால் கூடுதலாகச் சில பரிசோதனைகள் தேவைப்படும். இந்த ஆபரேஷனை ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் நடுவில் செய்வதைத்தான் விரும்புவார்கள். ஐந்து வயதில் வந்த எத்தனையோ பிள்ளைகளுக்கும் நல்லபடியாகச் செய்திருக்கிறோம், அதனால் தாமதித்துவிட்டோமே என்று உடைந்துபோகாதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் சிறுநீருக்கு மெல்லிய குழாய் இருக்கும். திருநெல்வேலியிலேயே குழந்தை சர்ஜன்கள் இருக்கிறார்கள், மதுரை வரை அலைய வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதில் செய்ய முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள்.

மாமிக்கு ஆறுதலாக ஒரு விஷயம். அந்த ஆபரேஷன் முடிந்தால் பெரும்பாலும் சுன்னத்து செய்தது போலவே இருக்கும். இரண்டும் ஒன்றாக முடிந்துவிடும். வழக்கத்தை விட்டுவிட்டோம் என்ற குறை இருக்காது.

சரி, கொழுந்தனார் பையனுக்கு வருகிறேன். சாதாரண முன்தோல், நல்ல உடம்பு என்றால் ஒரு நாள் வேலைதான். யார் செய்தாலும் நான் கேட்பது சில விஷயங்கள். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே கருவி என்ற பேச்சே கூடாது, அவரவருக்குத் தனித்தனியாக ஸ்டெரிலைஸ் செய்தது வேண்டும். மஞ்சள் காமாலை பி போன்றவை ரத்தம் வழியாகப் பரவும். மரத்துப்போகும் ஊசி எடை பார்த்துத்தான் போட வேண்டும், அதில் அட்ரினலின் கலக்காத மருந்தா என்று கேளுங்கள். ரத்தக் குழாயைக் கருக்கக் கரண்ட் கருவி வைத்திருந்தால் பைபோலாரா என்று கேளுங்கள். சாதாரணக் கருவியில் கரண்ட் உறுப்பு வழியாக உடம்புக்குள் போய்த்தான் வெளியே வரும். அவ்வளவு சின்ன உறுப்பின் அடியில் அது குவிந்தால் உள்ளே இருக்கும் ரத்தக் குழாயே வெந்துபோகலாம். பைபோலாரில் கரண்ட் இரண்டு முனைக்கு நடுவில் மட்டும் ஓடி நின்றுவிடும். இதைக் கேட்டால் நல்ல சர்ஜன் கோபப்பட மாட்டார், சந்தோஷப்படுவார்.

மயக்கம் கொடுத்துச் செய்தால் ஆறு மணி நேரத்துக்கு முன்பே சாப்பாடு, பால் எல்லாம் நிறுத்த வேண்டும். தண்ணீர் மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை தரலாம். பாட்டிமார் யாராவது பாவம் பார்த்து ஒரு பிஸ்கட் கொடுத்துவிடுவார்கள், மயக்கத்தில் வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குப் போகும். வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவையுங்கள். மயக்க மருந்து பற்றி மாமிக்கு இருக்கும் பயம் நியாயமானதுதான். மயக்க மருந்து டாக்டர் ஒருவர் தனியாக, முழு நேரமும் பிள்ளையின் தலைமாட்டில் இருப்பாரா என்று கேளுங்கள். இருப்பார் என்றால் பயப்பட வேண்டாம்.

முதல் இரண்டு மூன்று நாள் நல்ல வலி. பாராசிட்டமால் எடைக்கு ஏற்ற அளவு, ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. அழுத பிறகு கொடுப்பதைவிட நேரம் பார்த்துக் கொடுப்பது மேல். இரண்டாம் மூன்றாம் நாள் மொட்டின் மேல், அதாவது உறுப்பின் நுனியில், மஞ்சளாக ஒரு படலம் வரும். சீழ் என்று பயந்து துடைத்து எடுத்துவிடுவார்கள். அது சீழ் இல்லை, காயம் ஆறுகிற படலம், தானாக விழட்டும். ரத்தம் சொட்டினால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால், காய்ச்சல் வந்தால், எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகவில்லை என்றால், ராத்திரியாக இருந்தாலும் கிளம்பிவிடுங்கள்.

பிள்ளையிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டீர்களே. சொல்லுங்கள். ஐஸ்கிரீம் வாங்கப் போகிறோம் என்று சொல்லி ஒரு பையனைக் கூட்டிவந்தார்கள். மயக்கம் தெளிந்ததும் வலியால் அழவில்லை அவன். "அத்தா ஐஸ்கிரீம்னுதானே சொன்னாங்க" என்று என்னிடம் கேட்டான். அதன் பிறகு டிரெஸ்ஸிங்குக்கு வந்த ஒவ்வொரு நாளும் அவன் அத்தா கையைப் பிடிக்கவே இல்லை. ரொம்ப நாள் முன்பே சொல்லிப் பயமுறுத்த வேண்டாம், இரண்டு நாள் முன்பு சொன்னால் போதும். எந்த இடத்தில் செய்வார்கள், அப்போது தூங்கிக்கொண்டிருப்பாய், எழுந்ததும் எரியும், மருந்து தருவோம், நான் பக்கத்திலேயே இருப்பேன். இவ்வளவுதான் அவனுக்குத் தெரிய வேண்டியது.

நிலாவின் அம்மா:

சிஸ்டர், நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். நாங்கள் இந்து, ஈரோடு. என் இரண்டாவது பையனுக்கு இரண்டு வயது. முன்தோல் பின்னால் போகவில்லை, ஒன்றுக்குப் போகும்போது பலூன் மாதிரி லேசாக உப்புகிறது. பைமோசிஸ் (முன்தோல் இறுக்கம்), உடனே வெட்டிவிடலாம், பின்னால் இன்ஃபெக்ஷனும் எய்ட்ஸும் வராது என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். என் மாமனார், நம் வழக்கத்தில் இல்லாததை எப்படிச் செய்வது என்று கோபத்தில் இருக்கிறார். குளிப்பாட்டும்போது தினமும் தோலைப் பின்னால் தள்ளச் சொல்லி வேறு சொன்னார்கள், குழந்தை வீறிட்டு அழுகிறான்.

பழைய தியேட்டர் சிஸ்டர்:

அம்மா, தள்ளுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். பிறக்கும்போது முன்தோல் மொட்டோடு ஒட்டித்தான் இருக்கும், நகமும் சதையும் போல. மெல்ல மெல்லத் தானாகப் பிரியும். பலவந்தமாகத் தள்ளினால் நுனி கிழிந்து, தழும்பு விழுந்து, அதன் பிறகுதான் உண்மையான பைமோசிஸ் வரும்.

எங்கள் பெரிய சர்ஜன் பயிற்சி டாக்டர்களை நிற்கவைத்து இதைச் சொல்லிக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். பிரிட்டனில் கெய்ர்ட்னர் என்ற குழந்தை மருத்துவர் 1949-இல் எண்ணிப் பார்த்து எழுதினார். பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான் தோல் பின்னால் போகும். 1968-இல் டென்மார்க்கில் பள்ளிப் பையன்களைப் பார்த்த ஆஸ்டர் என்ற டாக்டர், ஆறு ஏழு வயதில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும், பதினாறு பதினேழு வயதில் ஒருவருக்கும்தான் தோல் இறுக்கமாக இருப்பதாகக் கண்டார். இரண்டு வயதுக் குழந்தைக்குத் தோல் போகவில்லை என்பது வியாதியே இல்லை. லேசாக உப்பி, அப்புறம் தாராளமாகச் சிறுநீர் போனால் அதுவும் பயப்படும் விஷயம் இல்லை.

முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போவது, நுனி வெள்ளையாகத் தடித்துத் தழும்பு போல இருப்பது, காய்ச்சலோடு திரும்பத் திரும்ப சிறுநீரில் இன்ஃபெக்ஷன் வருவது, இவை இருந்தால் பேச்சு வேறு. அப்போதும் தழும்பு இல்லாத இறுக்கத்துக்கு முதலில் ஸ்டீராய்டு களிம்புதான், டாக்டர் சொன்ன அளவில், நான்கிலிருந்து எட்டு வாரம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதிலேயே தளர்ந்துவிடும்.

எய்ட்ஸ் பற்றிச் சொன்னது, தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டாவில் வளர்ந்த ஆண்களிடம் செய்து 2005-இலும் 2007-இலும் வெளிவந்த ஆய்வுகள். அங்கே தொற்று பாதிக்கு மேல் குறைந்தது உண்மைதான். அதற்காக ஈரோட்டில் இரண்டு வயதுக் குழந்தைக்கு இன்றைக்கே வெட்ட வேண்டும் என்று ஆகாது. சிறுநீர் இன்ஃபெக்ஷனும் குறையும், ஆனால் ஆரோக்கியமான பிள்ளைகளில் ஒருவருக்கு அதைத் தடுக்க நூற்றுப் பத்துப் பேருக்குச் செய்ய வேண்டிவரும். வேறு ஒரு குழந்தை சர்ஜனிடம் காட்டி இரண்டாவது கருத்துக் கேளுங்கள். உண்மையிலேயே தேவை என்று அவரும் சொன்னால் மாமனாருக்காகத் தள்ளிப்போடாதீர்கள். அது ஒரு வைத்தியம், அதற்கு மதம் கிடையாது.

சேலம் அத்தா:

சிஸ்டர் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். என் மூத்தவனுக்கு ஆறு வயதில் செய்தபோது சாயங்காலம் வரை நன்றாக இருந்தான். ராத்திரி ஒன்பது மணிக்குக் கட்டு நனைந்தது. போய்த் தையல் போட்டுக்கொண்டு வந்தோம். விடியற்காலை மறுபடியும். மூன்றாவது தடவை போனபோது அவன் உதடு வெளுத்துப்போயிருந்தது. ரத்தம் நிற்கும் நேரம், உறையும் நேரம் பார்க்கிற பிடி, சிடி டெஸ்ட் முன்னாடியே பார்த்திருந்தார்கள், இரண்டும் நார்மல். பெரிய ஆஸ்பத்திரியில்தான் ஏபிடிடி என்ற டெஸ்ட் எடுத்து, லேசான ஹீமோஃபீலியா, அதாவது ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் எட்டு என்ற பொருள் குறைவு என்று கண்டுபிடித்தார்கள். அந்த ஃபேக்டரை மருந்தாக ஏற்றியதும் ரத்தம் நின்றது.

அப்புறம்தான் என் மாமியார் அழுதுகொண்டே சொன்னார், அவருடைய தம்பி பல் பிடுங்கி இரண்டு நாள் ரத்தம் நிற்காமல் சின்ன வயதிலேயே இறந்துபோனார் என்று. அதுவரை எங்களிடம் யாரும் கேட்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை. இது தாய் வழியாக வரும். ஆகவே அம்மா வீட்டுப் பக்கம் கேளுங்கள்: தாய்மாமன், பாட்டியின் சகோதரர்கள், யாருக்காவது பல் பிடுங்கியபோது, சுன்னத்தின்போது, விழுந்து அடிபட்டபோது ரத்தம் நிற்காமல் போனதா? ஆமாம் என்றால் பிடி, சிடியோடு நிற்காதீர்கள். யூதர்களின் பழைய சட்ட நூலான தல்மூதிலேயே, இரண்டு அண்ணன்மார் இதில் இறந்திருந்தால் மூன்றாவது பிள்ளைக்குச் செய்யக் கூடாது என்று இருப்பதாக எங்கள் ரத்த நோய் டாக்டர் சொன்னார். அவ்வளவு காலத்துக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொண்ட கேள்வி, என் வீட்டில் கேட்கப்படவில்லை.

சின்னவனுக்கு முன்கூட்டியே டெஸ்ட் எடுத்தோம். அவனுக்கு இல்லை. அவனுக்கு நல்லபடியாக முடிந்தது.

தென்காசி மழை:

எல்லாருக்கும் ஜஸாகல்லாஹு கைரன். மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

சிஸ்டர் அக்கா, நீங்கள் சொன்னதுதான். திருநெல்வேலியில் குழந்தை சர்ஜன் பார்த்தார். துவாரம் மொட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது, வளைவு கொஞ்சம்தான், விதை இரண்டும் இறங்கியிருக்கிறது. ஒரே ஆபரேஷனில் முடிக்கலாம் என்றார். வீடியோ எடுத்துப் போனது ரொம்ப உதவியாக இருந்தது, அங்கே அவன் வரவே இல்லை என்று நின்றுவிட்டான். "யாரும் இதுவரை தோலில் கை வைக்கவில்லையே, அதுவே பெரிய விஷயம்" என்று டாக்டர் சொன்னபோது மாமி என் பக்கத்தில்தான் இருந்தார். வெளியே வந்து வெகு நேரம் பேசவில்லை. பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒஸ்தாகிட்ட நாள் சொல்லியிருந்தேனே புள்ள" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவர் கையை விடவும் இல்லை.

ரத்தம் பற்றி அம்மாவிடமும் பெரியம்மாவிடமும் கேட்டேன். எங்கள் பக்கம் யாருக்கும் அப்படி இல்லை. கொழுந்தனார் மகனுக்கும் ஆஸ்பத்திரியிலேயே செய்தார்கள், ஐந்தாம் நாள் ஓட ஆரம்பித்துவிட்டான். மஞ்சள் படலத்தைப் பார்த்து மதினி துடைக்கப் போனார், நான்தான் தடுத்தேன்.

எங்களுக்கு அடுத்த மாதம் 12-ஆம் தேதி கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் லீவு எடுத்து வருகிறார். மகனிடம் இன்னும் சொல்லவில்லை, 10-ஆம் தேதி சொல்லப்போகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன் அக்கா. ஆபரேஷனுக்குப் பிறகு நின்றுகொண்டு போகலாமா என்று அவன் நிச்சயம் கேட்பான். குழாய் எடுத்ததும் முடியுமா, இன்னும் நாளாகுமா?

பழைய தியேட்டர் சிஸ்டர்:

குழாய் எடுத்த அன்று கொஞ்சம் எரியும், நேராகப் போகாமல் சிதறவும் செய்யும். வீக்கம் வடிய வடிய நேராகிவிடும். நின்றுகொண்டே போகலாம் என்று சொல்லுங்கள். இரண்டு இடத்தில் ஒழுகினாலோ, நூல் மாதிரி மெலிந்து போனாலோ டாக்டரிடம் உடனே காட்டுங்கள். 12-ஆம் தேதி காலையில் உங்கள் மகனை நினைத்துக்கொள்வேன். முடிந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள்.